நாசில் ராணியும் கொக்கிக் குதிரையும்

போன வாரம் நம் ஆஸ்டல் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு செஸ் புதிரைப் போட்டு, "மூளை துருப்பிடிக்காதவங்க பதில் சொல்லலாம்" என்று சவால் விட்டிருந்தாள் அல்லவா? ஆளாளுக்குக் குதிரையை நகர்த்தச் சொன்னீர்கள். நான் மட்டும் "யானையைக் கொடு" என்று போட்டேன். "அடேயப்பா, உனக்குச் செஸ்ஸெல்லாம் தெரியுமா!" என்று கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினீர்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தது அந்த ஒரே ஒரு புதிர்தான். அது எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். அறுபதைத் தாண்டிவிட்டோம், இனிமேல் என்ன வெட்கம்? இது ஒரு பொறாமைக் கதை. முடிந்துபோன பொறாமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் எரிகிறது.

எங்கள் அப்பா ரிக் வண்டி டிரில்லர். லாரி மேல் ஏற்றிய எந்திரத்தால் பாறையைக் குடைந்து போர் போடுகிறவர். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டு ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஆயுத பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டிகள் வடக்கே கிளம்பிவிடும். நாக்பூர், ராய்ப்பூர் என்று வெயில் காலம் முழுக்க அங்கே துளை போட்டுவிட்டு, அந்தப் பக்கம் மழை பிடித்ததும் ஜூன் மாதத்தில் ஊருக்குத் திரும்புவார்கள். ஆக, வருஷத்தில் மழை மாதங்களில் மட்டும் எங்கள் தெருவில் அப்பாக்கள் இருப்பார்கள். மற்ற மாதங்களில் அம்மாக்கள்தான். ஊரெல்லாம் பிள்ளைகள் கோடை லீவு எப்போது வரும் என்று காத்திருக்கும். நாங்கள் லீவு எப்போது முடியும் என்று காத்திருப்போம்.

தெருமுனையில் அப்பாவின் வண்டி ஹாரன் கேட்டால் போதும், நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். வண்டியை நிறுத்தி, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கொடுத்து வீடு வரைக்கும் ஓட்டிவருவார். டீசலும் கிரீஸும் வியர்வையும் பீடியும் கலந்த ஒரு வாடை. அதைவிட நல்ல வாசனை இன்றைக்கு வரைக்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

நான் அஞ்சாவது படித்த அந்த ஜூனில் ஹாரன் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

அவள் என் அத்தை மகள். என்னைவிடச் சில மாதம் மூத்தவள். அவள் அப்பாவும் டிரில்லர்தான். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே, போன இடத்தில் காய்ச்சல் கண்டு, அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வருஷம் அத்தை பள்ளிபாளையத்தில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்க, மகளை எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். கோடை முழுக்க நானும் அவளும் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் தின்று, ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான். அந்த ஹாரன் சத்தத்தோடு எல்லாம் போச்சு.

அப்பா கீழே குதித்து அவளைத்தான் முதலில் தூக்கினார். "என்ற தங்கச்சி புள்ளை! வாங்க சாமி, வாங்க" என்று மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீ அக்கட்டால ஏறி உக்காரு கழுதை" என்றார். நான் கிளீனர் பக்கம் உட்கார்ந்து வந்தேன். எங்கள் வீடு வரைக்கும் அவள் ஸ்டியரிங் பிடித்தாள். அதுவும் எப்படி, நேராக!

அப்பன் இல்லாத பிள்ளை, அதனால் கூடக் கொஞ்சம் பிரியம் காட்டினார். இது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. நாக்பூரிலிருந்து ஆரஞ்சு கொண்டுவந்தால் முதலில் எடுப்பவள் அவள். வண்டிக்கு அடியில் அப்பா மல்லாந்து படுத்து ஸ்பேனர் கேட்டால், நம்பர் சொல்லி முடிப்பதற்குள் எடுத்து நீட்டுபவள் அவள். பதினாறும் பதினேழும் பார்த்ததுமே அவளுக்குத் தெரியும், ரிக் வண்டியில் அவளுக்குப் பேர் தெரியாத சாமானே கிடையாது. நான் இரவல் புத்தகத்தைப் படிப்பதுபோல ஸ்பேனர்களை எடுத்து எடுத்து நம்பர் பார்த்துப் பழகினேன். பழகி முடிப்பதற்குள் அப்பா வேறு வேலைக்குப் போய்விட்டார்.

"இவளுக்கு என்ன கிரகம் புடிச்சிருக்கு? மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கறா?" என்று அம்மா கேட்பார்கள்.

"வயித்துல பூச்சி இருக்கும். வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடு" என்பார் அப்பா.

மூன்று நாள் வேப்பங்கொழுந்து குடித்தேன். பொறாமைக்கு அது மருந்தில்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அப்பா ஒரு செஸ் செட் செய்தார். வடக்கே வண்டி பழுதாகி நிற்கும் நாட்களில் ஆட்டம் கற்றுக்கொண்டாராம். பட்டறையில் கிடந்த சாமான்தான் காய்கள். சிப்பாய்க்கு நட்டு. யானைக்குத் தடித் தலை போல்ட்டு. குதிரைக்குக் கம்பியை வளைத்த கொக்கி. ராஜாவுக்குப் பாறையைக் கடித்துத் தேய்ந்த பிட்டின் பல். ராணிக்கு டீசல் என்ஜின் நாசில், ஒல்லியாக, மூக்கும் முழியுமாக அவ்வளவு அழகு. ஒரு தரப்புக்கு வெள்ளைப் பெயின்ட், இன்னொரு தரப்புக்குக் கிரீஸைத் தடவிக் கறுப்பு. தகர மூடியில் லாரி பாடிக்கு அடிக்கிற சிவப்பையும் மஞ்சளையும் கொண்டு கட்டம் போட்டார். காயை வைத்தால் டொக்கென்று சத்தம் வரும். விளையாடி முடித்துச் சாப்பிட்டால் சோறு கிரீஸ் வாடை அடிக்கும். அந்தச் சாமானெல்லாம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகிற்றோ!

எங்கள் ரெண்டு பேருக்கும் அவர்தான் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரத்தில் அவள் என்னை ஜெயித்தாள். பிறகு ஒருநாள் அப்பாவையே ஜெயித்தாள். "கில்லாடி! அப்படியே மச்சான் மூளை" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்டல் பேச்சு வந்தது. ஏற்காட்டில் நம் பள்ளியில் அடுத்த ஜூனுக்கு ஆறாவதில் ஒரு இடம் வாங்கித் தருவதாக ரிக் முதலாளி சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம். இங்கிலீஷ் படிப்பு, மலை மேல் வாசம், வெள்ளைச் சாக்ஸ். எங்கள் தெருவில் அதுவரை ஒரு பிள்ளைகூட அப்படிப் போனதில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுக்களையில் பேசியதை நாங்கள் ரெண்டு பேரும் கேட்டோம்.

"ஏனுங்க, நம்ம புள்ளைய உட்டுப்போட்டு அவளை அனுப்பறதா?"

"நம்ம புள்ளைய மட்டும் அனுப்புனா ஊரு என்ன பேசும்? அப்பன் இல்லாத புள்ளைய ஊட்டு வேலைக்கு வெச்சுக்கிட்டாங்கும். இவளை அனுப்புனா அவ பாவம். அவளை அனுப்புனா இவ பாவம். நான் எந்தப் பக்கம் போறதுன்னே தெரியலையே!"

மறுநாள் காலையில் முன் அறை பெஞ்சின் மேல் தகர மூடி இருந்தது. அதில் கொஞ்சம் காய்கள் மட்டும். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வடக்க ஒரு சைட்டுல ஒருத்தரு வெச்சுக் காட்டுன புதிரு இது. வெள்ளை நம்முளுது. நாமதான் மொதல்ல நகர்த்தோணும், நாமதான் ஜெயிக்கோணும். ஆருக்கு மொதல்ல விடை தெரியுதோ அவங்க ஏற்காட்டுக்கு. நான் பூசை முடிஞ்சு வண்டியெடுக்கறதுக்குள்ள சொல்லிப்போடோணும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு தடவை நகர்த்திக் காட்டலாம். பொறவு மாமன் ஓரம் பண்ணிட்டான், அப்பன் ஓரம் பண்ணிட்டான்னு ஆரும் சொல்லப்படாது."

நியாயம் செய்துவிட்டதாக அவருக்கு ஒரே திருப்தி. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

உண்மையைச் சொல்கிறேன். ஏற்காடும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அவள் ஜெயித்து, அப்பா மறுபடியும் தொடையில் தட்டி, "கில்லாடி" என்று சொல்வதைப் பார்க்க என்னால் முடியாது. ஜெயித்தால் அந்தத் தட்டு எனக்கு. அதற்காகத்தான் அந்தப் பெஞ்சைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

புதிர் இதுதான். கறுப்பு ராஜா கடைசி வரிசையில், தன்னுடைய மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாகப் பதுங்கியிருக்கிறார். அவருடைய ராணி கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். நமக்கு ஒரு யானை, ஒரு குதிரை, மூலையோரம் ராஜாவும் சிப்பாய்களும். பார்த்ததும் கண்ணில் படுவது குதிரைதான். ஒரே தாவலில் ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்துக் குறி வைக்கிற மாதிரி ஒரு கட்டம் இருக்கிறது. ராஜா தப்பி ஓடித்தான் ஆகவேண்டும், ஓடினால் ராணி நமக்கு. முதல் நாளே நான் துள்ளிக் குதித்துக் கொக்கியை அங்கே வைத்தேன். அப்பா பக்கத்திலிருந்த நட்டை எடுத்து என் கொக்கியை வெட்டினார். டொக். அந்தக் கட்டத்துக்குச் சிப்பாய் காவல். நீங்களும் போன வாரம் இப்படித்தான் குதிரையைப் பலி கொடுத்தீர்கள்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்றை நகர்த்துவேன். தினமும் டொக். அவளோ கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

"நீங்க அம்மிணி?" என்று அப்பா கேட்பார்.

"இன்னிக்கும் ஒண்ணும் தோணலீங்க மாமா."

கள்ளி, மனசுக்குள் கணக்குப் போடுகிறாள், ஒரே அடியாக அடிக்கப்போகிறாள் என்று நான் பெஞ்சை இன்னும் நெருக்கி உட்காருவேன்.

பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் உள்ளூர் போர் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் பல்லெல்லாம் ஆடியது. எங்கள் தலைமுடி, இமை, மாட்டுக்கொம்பு வரைக்கும் வெள்ளை வெளேரென்று பாறைத்தூள் படிந்தது. மேலே பொலபொலவென்ற மண், கீழே பாறை. மண்ணைத் தாண்டியதும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய இரும்புப் பைப்பைச் சங்கிலியில் தூக்கித் துளைக்குள் இறக்கினார்கள்.

சத்தம் நின்ற அந்த இடைவெளியில் அவள் உரக்கக் கேட்டாள்: "மாமா, அந்தப் பைப்பைப் பொறவு மேல எடுத்துக்குவீங்களா?"

"எடுக்கறதாவது! கேசிங் பைப்பு அங்கேயேதான் கெடக்கும் அம்மிணி. மேல் மண்ணு சரியாம நிக்கோணும்னா, ஒரு பைப்பை மண்ணுக்குக் குடுத்துப்போடோணும். குடுக்கமாட்டேன்னு கையில புடிச்சுக்கிட்டு நின்னா, கீழ தண்ணிக்கு எப்படிப் போறது?"

எனக்குச் சுரீரென்றது. அத்தனை நாளும் நான் எதையும் விட்டுக்கொடுக்காமல் ஜெயிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை வேண்டுமென்றே கொடுத்தால்? எதைக் கொடுப்பது? குதிரையைக் கொடுத்தால் அடிக்க ஆளில்லை. அப்படியானால் யானை! வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் பிடுங்கிக்கொள்வாள் என்று பயம்.

வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். பாறைத்தூள் கையோடு போல்ட்டு யானையை எடுத்து, நேராக மேலே தள்ளி, கறுப்பு ராஜா இருந்த அந்தக் கடைசி வரிசையில் கொண்டுபோய் வைத்தேன். ராஜாவுக்குச் செக். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தார். அவர் முகம் மாறியது.

"வெட்டிப்போடுவேனே" என்றார்.

"வெட்டுங்கப்பா. நீங்க வெட்டித்தான் ஆகோணும்."

ராஜா நகர முடியாது, முன்னால் அவருடைய சிப்பாய்களே அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ராணி குறுக்கே போய் நின்றாலும் என் யானை அவளை வெட்டும், ராஜாவுக்கு அதோடு ஆட்டம் காலி. ராணியே வந்து யானையை வெட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்பா நாசிலை எடுத்து என் போல்ட்டை வெட்டினார். ராணி இப்போது அந்தக் கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள். நான் கொக்கிக் குதிரையை எடுத்தேன். பழைய கட்டத்தில் வைக்கவில்லை. இந்தப் பக்கம், எந்தச் சிப்பாய்க்கும் எட்டாத ஒரு கட்டத்தில் வைத்தேன். அங்கிருந்து ஒரு காலால் ராஜா, ஒரு காலால் ராணி. ராஜா ஓடினார். நாசில் ராணி என் கைக்கு வந்தாள்.

"அட என்ற சாமி!" என்று அப்பா தொடையில் தட்டினார். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். "கில்லாடி! கில்லாடி!" என்றார்.

சுற்றும்போது அவளைப் பார்த்தேன். கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! தோற்றவள் அழவேண்டாமா? ஒரு சொட்டுக் கண்ணீராவது விடவேண்டாமா?

அடுத்த ஜூனில் அம்மா என்னை டிரங்குப் பெட்டியோடு மலை மேல் கொண்டுவந்து விட்டார்கள். நீங்களும் அன்றைக்குத்தான் வந்தீர்கள். நான் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து அம்மாவைத் தேடுகிறேன் என்று சிஸ்டர் நினைத்தார். அதில்லை. ஊருக்குத் திரும்புகிற அப்பாவின் வண்டி நாக்பூரைத் தாண்டிவிட்டது என்று அன்றைக்குக் காலையில்தான் சேதி வந்திருந்தது.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எனக்கோ இது உறைக்கவில்லை, பாருங்கள். ஜூனில் அப்பா வருவார், ஜூனில் எனக்குப் பள்ளி திறக்கும். ஏப்ரலில் எனக்கு லீவு விடுவார்கள், ஏப்ரலில் அப்பா எங்கோ கொதிக்கிற வெயிலில் பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். காலாண்டு லீவில் நான் மலையிறங்கி வந்தால், பூசைக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். ரெண்டு நாள் பார்ப்பேன், அவ்வளவுதான். பாறையின் ஆழத்தைக் கல்லைத் தட்டியே சொல்கிற மனுஷன் இந்த மாதக் கணக்கைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பெரிய வாழ்வு கொடுத்துவிட்டோம் என்றே இருந்தார். பள்ளி முடியும்வரை என் மழைக்காலமெல்லாம் உங்களோடு போயிற்று. அப்பாவின் மழைக்காலமெல்லாம் அவளோடு போயிற்று என்று எழுதவந்தேன், தப்பு. அவளுக்கு அப்பா கிடைத்தார்.

மழை மாதங்களில், பார்க்க அனுமதிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வெள்ளை வேட்டி, நகக் கண்ணில் கிரீஸ். உங்களில் ஒருத்தி "உங்க வீட்டு டிரைவரா?" என்று கேட்டாள். "டிரில்லர், எங்கப்பா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் என்னைக் கழுதை என்றே கூப்பிடுகிறவர், அந்த வரவேற்பறை நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நல்லாப் படிக்கறீங்களா?" என்று கேட்டார். கழுதை என்று ஒருதரம் சொல்லமாட்டாரா என்று இருக்கும். கூடவே அவளும் வருவாள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தாளாம், மாமா வழியெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டாராம். அந்த வாந்தியைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன்.

அவள் உள்ளூரில் பத்தாவது வரை படித்தாள். ரிக் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள். நான் படித்தேன், பாங்கில் வேலை பார்த்தேன், சேலத்தில் வீடு கட்டினேன். அம்மா போன பிறகு அப்பாவை என்னோடு வரச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "நீங்க வேலைக்குப் போறவங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அவள் வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். இப்போது மகளுக்கு 'நீங்க', தங்கச்சி மகளுக்கு 'நீ' என்று மாறிப்போயிருந்தது.

சேலம் வீட்டில் போர் போட்டபோது, டிரில்லரின் சின்ன மகள் வண்டியோரம் விளையாடிக்கொண்டிருந்தது. கேசிங் இறக்கியதும் என் வீட்டுக்காரர் அந்தப் பைப்பைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டார். அந்தக் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டிரில்லர் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. ரிக் வண்டியில் அவளுக்குத் தெரியாத சாமானே இல்லையே, அவள் எதற்கு அன்றைக்கு அப்படிக் கேட்டாள்?

அவளிடம் கேட்கவில்லை. பெருந்தன்மையாக எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்று பதில் வந்துவிட்டால், அதையும் தாங்கிக்கொண்டு நான் உயிரோடு இருக்கவேண்டுமே! அப்படியே வருஷங்கள் ஓடின. போன வாரம் உங்கள் புதிரைப் பார்த்த பிறகு பொறுக்கமுடியவில்லை, போன் போட்டேன்.

"ஏன்டி, அன்னிக்குத் தோட்டத்துல போர் போடறப்ப, பைப்பைத் திரும்ப எடுப்பீங்களான்னு கேட்டயே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள். எதற்குக் கேட்கிறேன் என்றுகூட அவள் கேட்கவில்லை.

"அந்தப் புதிரு?"

"மாமா வெச்ச அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. நீ கண்டுபுடிப்பே கண்டுபுடிப்பேன்னு பாக்கறேன், கொக்கியவே தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தே. பூசை வேற வந்துருச்சு. அதான் உன்ற காதுல உழற மாதிரி கேட்டேன்."

"பெரிய தியாகி! எனக்கு உட்டுக்குடுத்தயாக்கும்?"

"தியாகமாவது, மண்ணாங்கட்டியாவது!" என்று சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "எங்கப்பன் மொகமே எனக்கு நெனப்பில்ல புள்ளை. எப்ப வந்தாரு, எப்பப் போனாருன்னே தெரியாது. ஆஸ்டலுக்குப் போனா மாமா வார மாசமெல்லாம் நான் அங்க இருக்கோணும்னு அன்னிக்கே எண்ணிப் பாத்துட்டேன். எனக்குப் படிப்பு வேண்டாம், அவருதான் வேணும்னு இருந்துச்சு. உனக்கு அவரு எப்பவும் உன்ற அப்பன்தானே, எங்க போயிருவாருன்னு நெனச்சேன். நீயும் படிக்கோணும், படிக்கோணும்னு அந்தப் பெஞ்சைக் கட்டிக்கிட்டுக் கெடந்தயா, சரி, ரெண்டு பேருக்கும் வேணுங்கறது கெடச்சுதுன்னு இருந்தேன்."

"நான் படிப்புக்காக அந்தப் பெஞ்சுல உக்காரலடி" என்றேன்.

"பின்ன எதுக்கு?"

"எனக்கும் அவருதான்டி வேணும்னு இருந்துச்சு."

"அதை நான் எண்ணிப் பாக்கலியே புள்ளை" என்றாள். அவள் கணக்கு என்னிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. தொடையில் தட்டி, "கில்லாடி" என்று சொல்ல அப்பாதான் இல்லை.